இடப்பக்கக் கடவாய்ப் பல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், டைல்ஸ் கடை விற்பனையாளர் தன் மைத்துனரை உட்கார வைத்து ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், பெருநகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். அங்கே வாடகை கொடுத்து மாளவில்லை. குடும்பத்தோடு இந்த ஊருக்கே வந்துவிடலாமா என்று பார்த்துப்போக வந்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு வந்துடுங்க மச்சான். அங்க ஒரு ரூமுக்குக் குடுக்கிற வாடகையில இங்க ரெண்டு ரூமு, மேல மொட்டைமாடி. பிள்ளைங்களுக்கு நடந்து போற தூரத்துல ஸ்கூல். என் ஒரு சம்பளத்துல நாலு பேரு ஜம்முனு ஓட்டுறோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாதக் கடைசியிலும் யாரிடமும் கைமாற்று கேட்காத ஆள் என்பதால் கடையில் அவருக்கு 'சீமான்' என்று பட்டப்பெயர்கூட உண்டு.

அது எப்படி முடிகிறது என்பது மட்டும் சீமானுக்குத் தெரியாது. ஒன்றாம் தேதி சம்பளத்தை மனைவி கையில் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. மார்க்கெட் மூடப்போகும் நேரத்தில் காய்களைக் கூறுகட்டி வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் அதுவரை காத்திருந்து வாங்கி, பஸ்ஸுக்குக் கொடுக்க மனம் வராமல் இரண்டு கையிலும் பையோடு நடந்தே வருவாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, இதெல்லாம் தானாக நடப்பதாகவே அவர் நினைத்திருந்தார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், தண்ணீர் எடுக்க மைத்துனர் சமையலறைக்குள் போனார். தங்கை சோற்றைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, டம்ளரில் ஊற்றி, நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"என்னம்மா, சாப்பாட்டைக் குடிக்கிறே?"

"ஒண்ணுமில்லண்ணே. கடவாய்ப் பல்லு கொஞ்சம் படுத்துது."

"எத்தனை நாளா?"

அவள் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து மகள் சொன்னாள்: "ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து, மாமா."

பள்ளிக்கூடம் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கணவர் ஈரக்கையோடு வந்து நின்றார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. வண்டிக்கு டயர் மாத்தின மாசம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னீங்க. அடுத்த மாசம் பெரியவனுக்குக் கண்ணாடி வாங்கணும்னு ஆச்சு. அப்புறம் நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. கிராம்பை வச்சே ஓட்டிட்டேன்."

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் பல் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்ப ரெண்டு பல்லு எடுக்கணும். சீழ் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. ராத்திரியில தூங்கவே விட்டிருக்காதேம்மா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். எட்டு மாதமும் அதே அறையில் குறட்டை விட்டுத் தூங்கியவர் தரையைப் பார்த்தார்.

அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மைத்துனர்தான் ஆரம்பித்தார்.

"ஊரு நல்ல ஊருதான் மாப்பிள்ளை. வீடு பாக்கட்டுமா?"

"பாருங்க மச்சான். வாடகை கம்மிதான். ஆனா நான் நேத்து அடிச்ச பெருமையை மறந்துடுங்க. ஊரு மலிவு, அதான் நாம நல்லா இருக்கோம்னு நெனச்சேன். அது பாதிதான். மீதிப் பாதி, உங்க தங்கச்சி வாயைக் கட்டி, வலியை முழுங்கி மிச்சம் பிடிச்சது. வீட்ல எல்லாருமா சேர்ந்து குறைச்சுக்கிட்டாத்தான் அது சிக்கனம். ஒருத்தர் உடம்புலேர்ந்து மட்டும் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. நான் எட்டு மாசமா அதைத்தான் பண்ணியிருக்கேன்."

அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார்.

"ஊருக்குப் போனதும் உங்க வீட்டம்மாகிட்ட உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க. அதோட விட்டுடாதீங்க. இன்னொரு தரம் கேளுங்க."

ஊருக்குப் போகும்வரை மைத்துனர் காத்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி வெளியே போனார்.