ரெனிஷா மாதிரி ஒருத்தி

1

இந்தக் கதை பிறந்ததற்கு ஒரே காரணம், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்திலேயே எங்கள் வீட்டு டி.வி.தான் பெரியது. என் திறமைக்கு இதில் பங்கில்லை. ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பிய மாடிவீட்டு ஜூடித் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இன்னைக்கு ரெனிஷாவுக்கு ரேஸ். நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ரெனிஷா அவள் மகள். சைக்கிள் ஓட்டுவதுதான் உத்தியோகம். (வாசகர் இதை நம்பக் கொஞ்ச நேரமாகும். அவள் அப்பா ரூஃபஸுக்குச் சில வருடமானது.) போன வருடம் டெக்ஸாஸ் போட்டியொன்றில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டாள். ஜூடித் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, தான் பார்த்தால் மகள் விழுவாள் என்று நம்புகிறாள். இத்தனைக்கும் ஐ.சி.யூ. நர்ஸ்.

எனவே மடியில் லேப்டாப், எதிரே டி.வி., பக்கத்தில் ஃபோன்.

2

தொடக்கம்: பெல்ஜியத்தின் வானம் ஒரு பழைய துக்கத்தைப் போல—

அழித்துவிட்டேன். ரேஸ் நடக்கும் பெல்ஜியத்துக்கு நான் போனதேயில்லை.

வேறு தொடக்கம்: சைக்கிள் என்பது மனித வாழ்வின்—

"உங்களுக்கு கேரியர்ல உக்காரத்தானே தெரியும்" என்றாள் என் மனைவி ஷ்யாமளா, பின்னாலிருந்து படித்துவிட்டு. அதுவும் போயிற்று.

சரி, நேராகவே சொல்கிறேன். ஒருநாள் போட்டி. இன்று விட்டதைப் பிடிக்க நாளை என்று ஒன்று கிடையாது. (பேர்பெற்ற போட்டிதான். பேரைச் சொன்னால் தப்பாக உச்சரிப்பேன்.) வழியில் கருங்கல் பாவிய பழைய சாலைகள். மழை வந்தால் சோப்புக்கட்டிமேல் ஓட்டுவது மாதிரி.

மழை வந்தது.

3

ரெனிஷாவைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அத்தனை வெள்ளைக் கால்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஜோடி பாளையங்கோட்டைக் கால்கள்.

"முன்னாடிதான் இருக்கா" என்று ஃபோனில் சொன்னேன். ஜூடித் சர்ச் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ரூஃபஸ் மட்டும் உள்ளே.

"ஸ்தோத்திரம். ஏதாவது சாப்ட்டாளா?"

"ரேஸ்ல இருக்காம்மா."

"பின்னால பாக்கெட்ல வச்சிருப்பா. பாருங்க."

பார்த்தேன். எதையோ மென்றுகொண்டிருந்தாள். "சாப்பிடறா" என்று அறிவித்தேன். ஜூடித் மூச்சுவிட்டது எனக்கே கேட்டது.

அடுத்த கல்சாலை வளைவில் ஒரு பெரிய கும்பல் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தது. நம் பெண் முன்னால் இருந்ததால் தப்பித்தாள். கேமரா அவளை நெருங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த இடம் வெள்ளையாக இருந்தது.

சேறு. முதலில் அவளை, இப்போது அத்தனை பேரையும் நம் நிறமாக்கி வைத்திருந்தது. இவ்வளவு நேரம் நான் சாப்பிட வைத்தது, அதே அணிச் சட்டை போட்ட வேறு யாரோ ஒருத்தியை.

[பக்கக்குறிப்பு: நிறத்தை வைத்து மனுஷனை எடைபோடாதே என்று என் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான்.]

4

அப்படியானால் ரெனிஷா எங்கே? கதாசிரியன் கையில் சில முடிவுகள் உண்டு.

அ. ஜெயிக்கிறாள். (நானே நம்ப மாட்டேன்.)

ஆ. பின்தங்கியவர்களை ஏற்றிவரும் வேனில், போர்வைக்குள், முழுசாக. (எனக்குச் சம்மதம். அவளுக்கு இருக்காது.)

இ. அந்தக் கும்பலின் அடியில்—

"அண்ணே, ஏன் சத்தமே இல்ல?"

எனக்குப் பொய் சொல்வதில்தான் இருபது வருட அனுபவம். ஷ்யாமளா ஃபோனை என் பக்கம் தள்ளி, "உள்ளதைச் சொல்லுங்க" என்றாள்.

"ஜூடித், நான் வேற யாரையோ பாத்துட்டிருந்தேன்மா. எல்லாரும் சேறு. நடுவுல நிறைய பேரு விழுந்துட்டாங்க. அவ எங்கன்னு தெரியல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வந்தது நர்ஸ் குரல்.

"சரி. இனிமே மூஞ்சியப் பாக்காதீங்க, காலப் பாக்காதீங்க. அவளுக்கு இடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். எலும்பு அப்படித்தான் கூடிச்சு. தோளப் பாருங்க."

5

ஜெயித்தவள் எப்போதோ வந்துவிட்டாள். (யாரென்று கவனிக்கவில்லை.) மற்றவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். எல்லாத் தோளும் நேராக இருக்கிறது. கடைசியில் அந்த வேனின் விளக்கு தெரிகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருத்தி, தனியாக, தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

தோள் இறங்கியிருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் எனக்கு அப்படித் தெரிய வேண்டியிருக்கிறது. காலையிலேயே ஒரு தடவை இந்தக் கண்ணை நம்பிக் கெட்டேன்.

நீங்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். டி.வி. பெரியதுதான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், ஜூடித் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இடது தோள். பார்த்துச் சொல்லுங்கள்.

கதைக்காகச் சொல்லாதீர்கள்.