சூரன் விரட்டிய காக்கைகள்

மலாக்காவில் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கந்த சஷ்டிக்கு நாடகம் போடுவதென்று முடிவானதும் முதல் சிக்கல் கடலால்தான் வந்தது. முருகனும் சூரனும் மோதுவது கடற்கரையில். கடல் வரைந்த படுதா இல்லாமல் சண்டை ஏது? மலாக்கா டவுனில் படுதா எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவரோ, “லோரிய நிறுத்திக் கொளுத்துற ரோட்டுல நான் வரமாட்டேன் லா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் தொடங்கி ஐந்து வருஷமாகியும் அவர் பயம் மட்டும் குறையவில்லை.

நாடக வாத்தியார் ரங்கசாமி நேரே பெரியநாயகி வீட்டு வாசலில் வந்து நின்றார். பெரியநாயகி ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். மார்கழியில் தொழிலாளர் லயத்து வாசலில் அவள் போடும் கோலத்தை மிதிக்க மனமில்லாமல் போலீஸ்காரர்கள்கூட ஒதுங்கி நடப்பார்கள். அவள் புருஷன் மாயாண்டிதான் நாடகத்தில் சூரன்.

“தங்கச்சி, நீதான் கடல் வரையணும்” என்றார் ரங்கசாமி.

“நான் கடலையே பாத்ததில்லண்ணே. பொறந்ததும் இங்க, வாக்கப்பட்டதும் இங்க.”

“அதனால என்ன? நீலமா அடிச்சு, நாலு வளைவு போடு. போதும்.”

அவளுக்கு அது போதவில்லை. கப்பலேறி வந்தவர்களைக் கேட்டால் தெரியும் என்று அடுத்த வீட்டு முத்தாயியிடம் போனாள். முத்தாயி வாயைக் கோணிக்கொண்டாள். “கடலா? நாகப்பட்டினத்துல ஏறினவ பினாங்குல இறங்குற வரைக்கும் வாந்தியெடுத்த வாளியத்தான் பாத்தேன். வேணும்னா வாளிய வரைஞ்சுக்க.”

மாவு மூட்டைத் துணிகளைப் பிரித்துத் தைத்து, மரவள்ளி மாவுப் பசையில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, பெரியநாயகி ஒரு கடலை வரைந்தாள். மாயாண்டி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“வெண்டைக்காய்க்குப் பாத்தி கட்டின மாதிரி இருக்கு, நாயகி.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

நல்ல வேளையாக, அந்த ஆண்டுதான் மலாக்காவின் கரையோரத்தை ஆபத்து நீங்கிய ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளை எடுத்திருந்தார்கள். லோரி ஓட்டும் சாமிக்கண்ணு நாடகப் பந்தலுக்குக் கூரை வேய அத்தாப்பு ஓலை ஏற்றிவர மஸ்ஜித் தானாவுக்கு அப்பால் கடலோர மலாய்க் கிராமமான கம்பம் ஒன்றுக்குப் போவதாக இருந்தான். “கடல் அங்க பின்வாசல்லயே கிடக்குக்கா. வாங்க, காட்டறேன்” என்றான். பெரியநாயகி மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் லோரியில் மாயாண்டியும் முத்தாயியும் இன்னும் பாதி லயமும் ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் முள்கம்பி வேலிக்குள் கிடந்தவர்களுக்குக் கடல் என்ன, வெறும் ரோட்டைக் காட்டினாலே திருவிழாதான்.

தென்னைகளைத் தாண்டியதும் பெரியநாயகி நின்றுவிட்டாள். அவள் கலந்து வைத்திருந்த நீலம் அங்கே எங்குமே இல்லை. கிட்டத்தில் கஞ்சித்தண்ணி நிறம், சற்றுத் தள்ளிப் பாசிப் பச்சை, தூரத்தில் ஈயம். ஒரு மேகம் நகர்ந்தால் எல்லாமே மாறிவிடும். வாய்க்குள் முணுமுணுத்து நிறங்களை மனப்பாடம் பண்ணப் பார்த்தாள். முடியவில்லை.

“இத எப்படிங்க துணியில கொண்டுவரது? ஒரு நிமிசம் சும்மா இருக்குதா பாருங்க” என்றாள். மாயாண்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மீன் காயவைக்கும் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். மழை விட்டு, மணல் குளிர்ந்து, கிளம்பலாம் என்று சாமிக்கண்ணு எழுந்த நேரம், கொட்டகைக்குப் பக்கத்தில் மணல் பொங்கியது. சோறு கொதிக்கிறாற்போல் அசைந்து உள்ளே விழுந்தது. குழிக்குள்ளிருந்து கரிக்கட்டைத் துண்டு போல ஒன்று வெளியே வந்தது. அதற்குக் கால்கள் இருந்தன. பின்னாலேயே ஒன்று, பிறகு கும்பலாக.

“ஆமைக்குஞ்சு!” என்று கத்தினாள் முத்தாயி.

அவள் கத்தியது காக்கைகளுக்கும் கேட்டிருக்க வேண்டும். தென்னைகளிலிருந்து கூட்டமாக இறங்கின. முதல் குஞ்சை ஒரு காக்கை கொத்திக்கொண்டு போனது. பெரியநாயகி ஓடிப் போய் இரண்டு கையாலும் குஞ்சுகளை அள்ளப் போனாள். கொட்டகைக்கார மலாய் அம்மா, “ஜாங்கான், ஜாங்கான்!” என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

“தூக்காதீங்கங்கறாங்கக்கா” என்றான் சாமிக்கண்ணு. “அதுங்களே நடந்து போகணுமாம். காக்காய மட்டும் வெரட்டச் சொல்றாங்க.”

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பெண்கள் முந்தானையை விரித்து இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். நடுவே கடல்வரைக்கும் ஒரு பாதை. காக்கைகள் அதற்கும் மசியவில்லை. அப்போது மாயாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு நடுவில் வந்தான். இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்த குரல்.

“அடேய்! அண்டம் ஆயிரத்தெட்டும் ஆண்டவன் நான்! என் எதிரே நிற்க உனக்கு எத்தனை நெஞ்சழுத்தம்!”

கூடவே காலைத் தூக்கி ஒரு குதி. காக்கைகள் அலறிக்கொண்டு கலைந்தன. முதுகெலும்பில்லாத பயல்களே, கோழைகளே என்று அவன் வசனம் முழுவதையும் காக்கைகளுக்கே சொல்லித் தீர்த்தான். மலாய் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெரியநாயகி சிரித்தபடியே மணலில் மண்டியிட்டு, ஒரு குஞ்சுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திப் பார்த்தாள். மண்டியிட்டதும் கடல் மாறிப்போனது. நிற்கும்போது பாய் விரித்தாற்போல் கிடந்த கடல், கீழேயிருந்து பார்க்கையில் மதில் போல் எழுந்து நின்றது. அதன் உச்சியில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் குஞ்சு நடந்தது. அலை வந்து தொட்டது. திரும்பும்போது குஞ்சு இல்லை.

“கெடச்சிருச்சுங்க!” என்று எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்ன கிடைத்தது என்று யாருக்கும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பாத்திகளின் மேல் சுண்ணாம்பு அடித்தாள். கரி, மஞ்சள், செங்கல் தூள், நீலம் எல்லாம் கலந்தாள். படுதாவில் முக்கால் பங்குக்கு அலை எழுந்தது. அடியில் மணல். மணலில் ஆமைக்குஞ்சுகள்.

ரங்கசாமிக்குத் திக்கென்றது. “கடல் அருமையா இருக்கு தங்கச்சி. ஆனா போர்க்களத்துல ஆமை எதுக்கு? அழிச்சிரு.”

“கடலையும் சேத்து அழிக்கணும்ணே. அதுங்கதான எனக்குக் காட்டிக் கொடுத்துச்சுங்க.”

சஷ்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நாடகத்தன்று அந்தியிலேயே பந்தல் நிறைந்தது. திரை விலகி அலை எழுந்தது. முன்வரிசையில் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார், நனைந்துவிடுமோ என்பதுபோல. சூரன் கர்ஜித்தபடி வந்து காலைத் தூக்கினான்.

“மிதிச்சிராதே!” என்று பிள்ளைகள் அத்தனையும் கத்தின.

மாயாண்டி குனிந்து பார்த்தான். படுதாவின் அடி ஓரம் மேடையில் புரண்டு கிடந்தது. அவன் காலடியில் ஒரு குஞ்சு. தூக்கிய காலைச் சுற்றிக் கொண்டுபோய் அப்பால் நுனிவிரலில் ஊன்றினான். அதன்பின் சண்டை முடியும்வரை சூரன் பூனை நடைதான் நடந்தான். முருகனுக்கும் வேறு வழியில்லை. ரங்கசாமி பக்கத்திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் தோள்கள் குலுங்கின.

மறு வருஷம் ஆமை முட்டை விற்பவர் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தார். வருஷா வருஷம் முதலில் வாங்குகிறவள் முத்தாயி; உப்பு தொட்டுச் சாப்பிட அவளுக்கு உயிர். கூடையைக் கையால் தடவிப் பார்த்தாள். பெரியநாயகி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோழி முட்டை இருக்கா?” என்று கேட்டாள் முத்தாயி.

இல்லை என்றார் அவர்.

“அப்ப நாளைக்கு அதக் கொண்டா” என்றவள், பெரியநாயகியின் பக்கம் திரும்பி, “என்னடி பாக்கற? ஒலை கொதிக்குது, போய் வேலையப் பாரு!” என்று சிரித்தாள்.