அருணகிரி இருக்கிறானா

ராசிபுரம் சைவ சபையில் வெள்ளிக்கிழமைதோறும் அளவை நூல் சொல்லி வந்தவர் குமாரசாமி வாத்தியார். ஒன்றை நாம் அறிவது மூன்று வழியில் என்பார். கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. யுத்தம் வந்தபின் கேட்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அவருக்கும் அலுத்துவிட்டது. பழக்கத்தால் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பக்கத்து ஊர்க் கருப்பண்ணன் அவரைத் தேடி வந்தார். அவருடைய தம்பி அருணகிரி ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்து, இயந்திரப் பட்டையில் சிக்கி ஒரு சுண்டுவிரலை இழந்தவன். ஜப்பான் குண்டு விழுந்ததும் அங்கிருந்து கால்நடையாகக் கிளம்பிய கூட்டத்தில் அவனும் இருந்தான். அவனோடு நடந்த சுப்பையன் மட்டும் ஊர் வந்து சேர்ந்திருந்தான்.

"தம்பி செத்துட்டான்னு சுப்பையன் சொல்றானுங்க. காரியம் பண்ணிரலாம்னா தம்பி பொண்டாட்டி ஒத்துக்க மாட்டேங்கறா. எம் புள்ளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாள் கேக்கறாங்க. எழவு ஊடா, நல்ல ஊடான்னு தெரியாம எப்படிங்க பந்தல் போடறது? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாளுங்க."

வாத்தியார் போனார். சுப்பையனை அங்கே வரவழைத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அருணகிரியின் மனைவி பெருமாயி கதவோரம் நின்றாள்.

"அவன் உசுரு போனதைப் பாத்தியா சாமி?" என்று வாத்தியார் கேட்டார்.

"கடுங்காச்சலுங்க. நடக்க முடியலை. மலைப்பாதையில ஒரு மரத்தடியில உக்கார வெச்சுட்டு வந்தோம். தண்ணி கேட்டான். எங்கிட்ட இல்லீங்க."

"அப்புறம்?"

"பின்னால வந்தவங்க, மரத்தடியில ஒரு பொணம் கெடந்துச்சுன்னாங்க."

"அந்த மரந்தானா?"

"வழி பூரா மரந்தானுங்க. எல்லா மரத்தடியிலயும் ஆளுக கெடந்தாங்க."

கருப்பண்ணன் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அருணகிரி செத்திருப்பான் என்றுதான் வாத்தியாருக்கும் தோன்றியது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

"நீங்க சொல்லுங்க. அவரு இருக்காருங்களா, இல்லீங்களா?" என்றாள் பெருமாயி.

"ரெண்டுல ஒண்ணு எப்பவோ முடிஞ்சுபோன சங்கதி அம்மணி. நாம இங்க பேசறதால அது மாறப் போறதில்லை. ஆனா எதுன்னு எனக்குத் தெரியாது."

"உங்க மனசுக்கு என்ன படுது?"

"இல்லைன்னுதான் படுது. ஆனா படறது வேற, தெரியறது வேற."

"அப்பத் தாலியைக் கழட்ட மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கருப்பண்ணன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோபப்படவில்லை. "உங்களைக் கூட்டியாந்திருக்க வேண்டாமுங்க" என்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அவர் மகளுக்கு வெகு காலம் கழித்து, ஆத்தூருக்கு அப்பால் ஏதோ ஓர் இடம் அமைந்தது. வாத்தியார் வந்துபோன அந்த நாளுக்குப் பிறகு அவர் வாத்தியாரோடு பேசவில்லை.

பெருமாயி கடலைக்காட்டில் களை வெட்டினாள். காலையில் பொட்டு வைத்துக்கொண்டு வரும்போது பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் வாய்விட்டே பேசினார்கள். சேலம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பாள். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகினாள். அதுவும் முழுதாக வரவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் வீரன் என்று ஒருவன் வழி விசாரித்துக்கொண்டு கருப்பண்ணன் வீட்டுக்கு வந்தான். அவனும் ரங்கூனிலிருந்து நடந்தவன். அசாமில் காய்ச்சலில் கிடந்து, பிறகு அங்கேயே ரோடு வேலைக்குப் போய்விட்டவன். ஆலைப் பட்டையில் சுண்டுவிரல் போன ஒருவனை மரத்தடியில் கண்டதாகவும், அவன் ஊரையும் அண்ணன் பெயரையும் சொல்லிவிட்டு அன்று பொழுது சாயும்போது இறந்ததாகவும், தானே குழி தோண்டிப் புதைத்ததாகவும் சொன்னான். சுப்பையன் அவனை விட்டுவந்த அதே நாள் அது.

பெருமாயி ஒன்றுதான் கேட்டாள். "தண்ணி குடிச்சாருங்களா?"

"குடுத்தேனுங்க. ரெண்டு வாய் குடிச்சாரு."

காரியம் முடிந்தபின் ஒரு மத்தியானம் அவள் வெள்ளைச் சேலையில் வாத்தியார் வீட்டுக்கு வந்தாள். ஜேடர்பாளையத்தில் தன் தம்பி வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அவரு போனப்புறமும் இத்தனை வருசம் பொட்டு வெச்சிருந்தேன். அது பொய்யுங்களா?"

"பொய்யில்லை அம்மணி. உனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"நீங்க அன்னைக்கே செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா?"

"சொன்னது சரியாப் போயிருக்கும். ஆனா தெரிஞ்சு சொன்னதா ஆகாது."

அவள் யோசித்தாள். "உங்களுக்கு அது ரெண்டா இருக்கலாமுங்க. நான் இத்தனை வருசம் தூங்கியிருப்பேன்."

வாத்தியாருக்குப் பதில் இருந்தது. அன்று அவர் பொய்த் துணிவோடு பேசி, அருணகிரி உயிரோடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தபின் கேட்கவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று எழுந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவர் சபைக்குப் போனார். நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கண்டதை வைத்துக் கருதும் கருதல் அளவை பற்றிச் சொல்ல வேண்டிய நாள். பாதியில் நிறுத்தி, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.