வெள்ளை அங்கி

பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சைக்கு மூ ஷெர் வெள்ளை அங்கியில் வந்து நின்றாள். பர்மாவிலிருந்து தப்பி வந்த எங்கள் கரென் ஜனத்தில் கல்யாணமாகாத பெண்தான் கணுக்கால்வரை வெள்ளை உடுத்துவாள்; கல்யாணம் முடிந்தால் கறுப்புச் சட்டை. இவளுக்குப் போன வாரம்தான் பன்றி அடித்துக் கல்யாணம் நடந்திருந்தது.

கல்யாணம் என்ன கல்யாணம்! விறகு பொறுக்கப் போன காட்டில், வகுப்புத் தோழன் கே லரின் காலில் மூங்கில் சிராய் ஏறிவிட்டது. அவனைத் தாங்கிப் பிடித்து அகதி முகாமுக்குக் கூட்டிவருவதற்குள் இருட்டிவிட்டது. பெரியவர்கள் காலைப் பார்க்கவில்லை, இருட்டைத்தான் பார்த்தார்கள். இருட்டில் தனியாக வந்தார்கள் என்று இருவருக்கும் முடித்துவைத்துவிட்டார்கள். கல்யாணமானவர்கள் பள்ளியில் உட்காரக் கூடாது என்பது இங்கே சட்டம். பத்து தேறினால் மேற்படிப்பு, பிறகு ஆசிரியர் வேலை. இல்லையென்றால் வேலிக்குள்ளேயே ரேஷன் அரிசி வரிசைதான்.

வாத்தியாரை நாங்கள் 'தாரா' என்போம். ஹெட்மாஸ்டர் தாரா பா டோ வெற்றிலை வாயோடு வாசலை மறித்தார். "என்னடி இது? வெள்ளையப் போட்டுக்கிட்டு வந்தா மறுபடி கன்னிப் பொண்ணு ஆயிடுவியா?"

"கே லர் என் புருஷன்தானே தாரா? அவன் மட்டும் எப்படி உள்ள உக்காந்திருக்கான்?"

அதே சிவப்புச் சட்டையில் அவன் முதல் பெஞ்சில் இருந்தான். ஆண்களுக்குச் சட்டை மாறுவதில்லை. ஒரு வாரமாக அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் பாடம் நடத்தினோம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

"அவ கேக்குறது நியாயந்தானே தாரா," என்றேன். "ரெண்டு பேரும் எழுதட்டும்."

அவர் வெற்றிலையைத் துப்பினார். "நியாயம் வேணுமா டீச்சர்? சரி. டேய் கே லர், எந்திரிச்சு வெளிய வா."

மூ ஷெரின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, நான் அதுக்குச் சொல்லல தாரா! அவனாச்சும் எழுதட்டும்!"

கே லர் நொண்டிக்கொண்டே வெளியே போனான். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. வினாத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே போனேன். மூங்கில் தட்டியின் இடுக்கில் இருவரும் தெரிந்தார்கள். வீட்டுக்குப் போகாமல், ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றார்கள். அவள் அங்கியின் ஓரமெல்லாம் செம்மண்.

என் கையில் இரண்டு தாள்கள் மிஞ்சின. தாரா அவற்றுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்காமல், வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.