அனந்தாவுக்கு வெள்ளிக்கிழமை பொட்டு

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில், இரண்டு அறையும் அவற்றைவிடப் பெரிய பெயர்ப்பலகையும் கொண்ட கம்பெனி அது. மாம்பழம் பழுக்க வைக்கும் அறைகளுக்குக் கன்ட்ரோலர் பெட்டி செய்து விற்றார்கள். பெட்டியின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்விசிறியை ஓடவிட்டு அறைக் காற்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஓடும் கர்னலை, அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, முதலாளி தனசேகர் தன் கையாலேயே எழுதியிருந்தார். அதற்கு அனந்தா என்று பெயர் சூட்டி, விசிட்டிங் கார்டில் ‘கர்னல் சிற்பி’ என்று போட்டுக்கொண்டார். உலகத்திலேயே தன்னைப் போல் மூன்று பேர்தான் என்பார். மற்ற இருவர் யாரென்று சொன்னதில்லை.

வரவேற்பறையில் மாதிரிப் பெட்டி ஒன்று இன்வெர்ட்டர் துணையோடு ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் ‘நிற்காமல் ஓடும் நாள்’ என்று சிவப்பு எண் போர்டு. அது ஐம்பதைத் தொடும் வெள்ளிக்கிழமை, தோட்டக்கலை அதிகாரியையும் மாங்காய் மண்டிக்காரர்களையும் அழைத்து விழா. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

ஒரு சங்கடம். இதே பெட்டி முன்பு ஒரு தடவை மூச்சு நின்று கிடந்தது. உள்ளே பல்லி புகுந்திருக்கும் என்று தனசேகர் தீர்ப்புச் சொன்னார். பல்லி அகப்படவில்லை. சேர்ந்து பதினோரு மாதமான காஞ்சனாவைக் கூப்பிட்டுக் காரணத்தைத் தேடச் சொன்னார். விழா நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம், பெட்டி நின்றால் அன்றே சொந்த ஊருக்குப் பிச்சாட்டூர் பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றும் அன்போடு தெரிவித்தார்.

காஞ்சனா பங்காருபாளையம் போனாள். அங்கே ஒரு மண்டியில் கம்பெனியின் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் முனியப்பன். ஏழு மாதத்தில் அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லை என்றார். அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

“இன்னா செய்றது? வெள்ளிக்கிழமையானா கரண்ட்ட நிறுத்தி, தொடைச்சு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டு மறுபடி போடுவோம். ஓடிக்கினு இருக்கிற மெஷினுக்கு எவனாவது பொட்டு வெப்பானாம்மா?”

திரும்பும் பஸ்ஸில், பூதலப்பட்டு தாண்டுவதற்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அனந்தாவின் டைமர், பெட்டியைப் போட்டதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணிக்கொண்டே போகிறது. லாரியின் கிலோமீட்டர் மீட்டர் போல, ஓர் எல்லை வந்ததும் அது பூஜ்யத்துக்குப் புரண்டுவிடும். தனசேகரின் கர்னலோ, பழைய எண்ணோடு பத்து நிமிடத்தைக் கூட்டி, மீட்டரில் வரவே முடியாத எண்ணுக்காகக் காத்திருக்கும். அதுவரை மின்விசிறி சுற்றாது. எல்லை நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம். வாரா வாரம் பொட்டு வாங்கும் பெட்டி அந்த வயதை எட்டுவதே இல்லை. மாதிரிப் பெட்டியைப் போட்டது மாலை ஆறு மணிக்கு. கூட்டிப் பார்த்தால் விழாவன்று காலை பதினொரு மணி இரண்டு நிமிடம். தனசேகரின் உரை பதினொன்றுக்கு.

ஐம்பது நாள் காத்திருக்காமல் நிரூபிக்க, உதிரிப் பெட்டி ஒன்றில் டைமரை எல்லைக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்தே எண்ண வைத்தாள். பத்தாவது நிமிடம் சுற்ற வேண்டிய விசிறி சுற்றவில்லை. தனசேகர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“சாவுற நேரத்துலயே அத்தப் பொறக்க வெச்சா சாவாம இன்னா பண்ணும்?” என்றார்.

ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்றாள். திருத்தியதை ஏற்றப் பெட்டியை நிறுத்திப் போட வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். போர்டு பூஜ்யமாகுமா என்றார். ஆகும் என்றாள். அப்படியானால் விழா முடிந்த பிறகு பேசலாம் என்று எழுந்துவிட்டார்.

காஞ்சனா அதுவரை காத்திருக்கவில்லை. திருத்திய கர்னலை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, மாதிரிப் பெட்டியில் செருகி வைத்தாள். அடுத்த முறை கரண்ட் வரும்போது பெட்டி அதைத்தான் படிக்கும். திருத்தம் எல்லையைத் தாண்டுகிறதா என்று அன்றே பார்த்துவிட, எல்லைக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து எண்ணும் ஏற்பாட்டையும் அதில் விட்டுவைத்தாள். பிறகு பங்காருபாளையத்துக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, வெள்ளிக்கிழமை வர்றீங்க இல்ல? வந்து எங்க பெட்டிக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டுப் போங்க.”

விழாவில் தனசேகர் அதிகாரியை வரவேற்று அவருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தபோது முனியப்பன் தட்டோடு முன்னே வந்தார். யாரையும் கேட்கவில்லை. மெயினை இறக்கினார், இன்வெர்ட்டரையும் அணைத்தார். ஐம்பது என்று எரிந்த போர்டு அணைந்தது. தனசேகரின் கை சால்வையோடு அந்தரத்தில் நின்றது. முனியப்பன் நிதானமாகத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டார். போர்டில் பூஜ்யம்.

அதிகாரி கண்ணைத் திறந்து, கும்பிட்ட கையை இறக்காமலே, டெக்னாலஜி கம்பெனியில் இப்படிப் பார்த்ததில்லை என்று தழுதழுத்தார். தனசேகர் போர்டையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை பூஜை பண்ணி புதுசா ஆரம்பிக்கிறது நம்ம கம்பெனி வழக்கம், சார்” என்றார்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. தனசேகர் மைக்கைப் பிடித்து அனந்தா பிறந்த கதையை ஆரம்பித்தார். காஞ்சனாவின் கண் விசிறியை விட்டு நகரவில்லை. ஐந்தாவது நிமிடம் டைமர் எல்லையில் புரண்டிருக்கும். அதை அறிந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான். பத்தாவது நிமிடம், சரியாகப் பதினொன்று இரண்டுக்கு, விசிறி சுற்றியது. ஏதோ சிறப்பாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று தனசேகர் கைதட்டலுக்காக நிறுத்தினார். முதலில் கைதட்டியது காஞ்சனா.

வேலை நிரந்தரக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கீழே கூடுதல் பொறுப்பு என்று ஒரு வரி: வெள்ளிதோறும் மாதிரிப் பெட்டிக்குப் பூஜை.

அவளும் தவறாமல் பொட்டு வைக்கிறாள். சுவிட்சை மட்டும் தொடுவதில்லை. போர்டு இப்போது நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் தனசேகர் அதைக் காட்டி, எல்லாம் பூஜையின் மகிமை என்கிறார்.