சம்பந்தி நாடு

அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். அறிக்கையில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் போர் மூண்டுவிடும் என்று பதறுகிற மனிதர். நாட்டின் பாதுகாப்புக் கொள்கை அறிக்கையை இருபது வருடமாக எழுதித் தருபவர் அவர்தான். கையெழுத்துப் போடுவது மட்டும் மற்றவர்கள்.

அன்று மத்தியானம் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஐந்தாம் மாடி ஜன்னலில் நின்றது. துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்துவரை கரைந்து போயிருந்தன. குறுகலான கடலுக்கு அப்பால் எதிர்க்கரை நாடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொரு நாட்டுக்கும் நேரே ஒரே ஒரு வார்த்தை. நட்பு என்றால் அங்கிருந்து வருபவர்களுக்கு உடனே விசா. போட்டி என்றால் ஆறு மாதம் ஆகும். பகை என்றால் கதவைச் சாத்தியாயிற்று. எதிர்க்கரைக்கு மட்டும் கட்டம் காலியாக இருந்தது.

பின்னே எதைத்தான் எழுதுவது? அந்தக் கிரேன்களைச் செய்து கொடுத்தது அவர்கள். நம் கடலில் கப்பலை விட்டு வேவு பார்ப்பதும் அவர்களே. நம் மருந்து இல்லாமல் அவர்களுக்கு ஆகாது, அவர்களுடைய கணினிச் சிப் இல்லாமல் நமக்கு ஆகாது. உலகம் சுருங்கிச் சுருங்கி, யாரை முறைப்பது என்றே தெரியாமல் எல்லாரும் எல்லார் மடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு அவருடைய மகளும் அங்கேதான் இருந்தாள். கல்யாணமாகி அந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கியவள். காலையில் போனில் கேட்டாள்.

"அப்பா, ஏழு மாசம் ஆச்சு. நம்ம வீட்லதான் பெத்துக்கணும்னு இருக்கு. விசா கிடைக்குமா?"

"பார்க்கலாம்மா."

அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் வேலை போய்விடும். போனை வைத்துவிட்டார்.

காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் சொக்கியது. பனி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்து, வந்த விருந்தாளி மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தது. அதனிடம் அவர் ஏதோ பேசினார். விழித்தபோது உதவியாளர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தார். திரையைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கத்தில் விரல்கள் கட்டத்தை நிரப்பிவிட்டிருந்தன.

கூட்ட அறைக்கு ஓடினார். இயக்குநர் அதற்குள் சத்தமாகப் படித்துவிட்டார்: "எதிர்க்கரை நாடு... சம்பந்தி."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. "நட்புன்னு போடுங்கன்னுதான் கேட்டேன், நீங்க கல்யாணமே பண்ணி வெச்சுட்டீங்களே!" என்றார் வணிகத் துறை அம்மையார்.

பகை என்று போடச் சொல்லியிருந்த தளபதி சிரிக்கவில்லை. "உங்களுக்கு அங்க யார் இருக்கா?"

மறைத்திருக்கலாம். "பொண்ணு, சார்" என்றார் காற்புள்ளி.

தளபதி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கும் ஒரு சம்பந்தி இருக்கார். மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும். ஆனா வாசலுக்கு வந்துட்டா நாற்காலி போடாம இருக்க முடியுமா? பீரோ சாவி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லமாட்டேன். அதுவே சரி, எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். ராடாரும் துறைமுகமும் பீரோ, அவற்றின் சாவி அவர்களுக்குக் கிடையாது. குடும்பங்களுக்கு உடனே விசா. வார்த்தையை மட்டும் 'சிறப்பு உறவு' என்று கௌரவமாக மாற்றினார்கள். மகள் அங்கே இருப்பதால் அந்தக் கோப்பை இனி அவர் தொடக்கூடாது என்றும் முடிவாயிற்று. போகட்டும் என்று இருந்தது அவருக்கு. சின்னப் பிள்ளை மாதிரி மனம் துள்ளியது.

அறிக்கை வெளியான காலையில், அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக மகளைக் கூப்பிட்டார்.

"தெரியும்ப்பா, டிவியில பார்த்தேன்." குரலில் சந்தோஷம் இல்லை. "இங்கயும் இன்னைக்கு ஒரு பட்டியல் வந்திருக்கு. உங்க நாட்டுக்கு நேரே பகைன்னு போட்டிருக்காங்க. இங்கேருந்து யாரையும் அங்க விடமாட்டாங்களாம்."

உங்க நாடு என்றாள். அவர் போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

பனி விலகியிருந்தது. எதிர்க்கரையில் வெயிலில் மின்னும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பின்னாலும் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும். அதை நிரப்பிய ஆளுக்கு இந்தக் கரையில் மகள் இல்லை.