புகைப்பவர்களுக்கு மட்டும் ஓய்வு

கோலாலம்பூரில், புடு சந்தைக்குப் பக்கத்து உணவுக்கடையில் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். என் பெயர் நுன் சுய். பர்மாவின் சின் மலையிலிருந்து தப்பி வந்தவள். கூட வேலை பார்த்த மூவரும் ஆண்கள்: சமையல்காரர் ஆ கியோங், இந்தோனேசியாக்காரன் சுத்ரிஸ்னோ, வங்காளதேசத்து ஜஷீம்.

மதியக் கூட்டம் அடங்கியதும் மூவரும் புகைபிடிக்கப் பின்சந்துக்குப் போய்விடுவார்கள். சுத்ரிஸ்னோவின் கிராம்பு சிகரெட் நெடி நான் கழுவும் தொட்டிவரை வரும். ஒருநாள் கால் வீங்கிப்போய், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்.

“என்னா, உக்காந்துட்ட?”

“அவங்க எல்லாம் உக்காந்திருக்காங்களே, முதலாளி. கால் வலிக்குது.”

“அவனுங்க தம் அடிக்கிறானுங்க. நீ அடிக்கிறியா? இல்லல்ல? எழுந்திரு!”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் மலையில் புகைக்காத பெண்ணைத்தான் தேட வேண்டும். என் அம்மா மூங்கில் குழாயைக் கையோடு வைத்துக்கொண்டுதான் களையெடுக்கப் போவாள். இந்த ஊரில் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே என்று நான் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தேன்.

மறுநாள் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டு நேராகப் பின்சந்துக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து பற்றவைத்தேன்.

ஆ கியோங் விழுந்து விழுந்து சிரித்தார். சுத்ரிஸ்னோ முகத்தைச் சுளித்தான்.

“நல்லா இல்லக்கா. பொம்பள போய் இப்படி...”

“ஏன், உன் நுரையீரலுக்கு மட்டும் தங்கம் பூசியிருக்கா? வாய மூடு.”

ஜஷீமின் விரலிடுக்கில் சிகரெட் தானாகவே சாம்பலாகிக்கொண்டிருந்தது.

“நீ இழுக்கவே இல்லயே?”

“எனக்குப் பழக்கமே இல்லக்கா,” என்றான் மெல்ல. “கையில இருந்தாத்தான் உக்கார விடுறாரு.”

அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“கஸ்டமர் பாத்தா கடை மானம் என்னாவறது? பொம்பளையா லட்சணமா இரு!”

நான் சிகரெட்டை மிதித்து அணைத்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“இப்ப அணைச்சாச்சு. உக்காந்துதான் இருப்பேன்.”

“போலீஸக் கூப்பிடவா? உன்கிட்ட பெர்மிட்டே கிடையாது.”

“கூப்பிடுங்க. பெர்மிட் இல்லாதவள வேலைக்கு வச்சது யாருன்னும் கேப்பாங்க.”

அவர் முகம் சிவந்தது. ஜஷீம் தன் சிகரெட்டைக் கீழே போட்டான்.

“நானும் புடிக்கிறதில்ல, முதலாளி. சும்மா நடிச்சேன். எனக்கும் உக்காரணும்.”

முதலாளி எங்கள் ஊர், சாதி, சனம் எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தார். நாங்கள் அசையவில்லை. உள்ளே எச்சில் தட்டுகள் மலையாகக் குவிந்தன. கடைசியில் ஆ கியோங்தான் அவர்மேல் பாய்ந்தார்.

“தட்டே இல்ல! சோத்த என் தலையிலயா போடுறது? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்து கழுவட்டும், விடுய்யா!”

அன்றிலிருந்து முதலாளி எங்களையும் உட்கார விட்டார், தினமும் முணுமுணுத்துக்கொண்டே. என் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. கால் வலிக்கிறது என்று சொன்னபோது காதிலேயே வாங்காத மனிதர் அவர். வேறு இடத்தில் வேலை கிடைத்ததும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.